பேய் மாளிகையில் ஒரு பூட்டு

குழு: பிள்ளையார் கோவில் தெரு வீட்டார்

ராஜி அத்தை: யாராவது விழித்திருக்கிறீர்களா? ஒரு பூட்டு திறக்கமாட்டேன் என்கிறது.

கார்த்திக்: எந்த வீட்டுப் பூட்டு அத்தை? ஆள் அனுப்பவா?

ராஜி அத்தை: கேமில் வரும் பூட்டுடா. படத்துக்குள் ஒளிந்திருக்கும் பொருட்களைத் தேடி, நடுவில் புதிரும் விடுவிக்க வேண்டிய கேம். மாளிகைக்கு அடியில் நிலவறை, அதன் கதவு. மூன்று கம்பி, முதல் கம்பியில் ஐந்து வளையம். எல்லாவற்றையும் கடைசிக் கம்பிக்கு மாற்ற வேண்டும். பெரிய வளையம் சின்னதின் மேல் உட்காரக் கூடாது.

சுபா: மணி பதினொன்று ஆகப்போகிறது அத்தை. இந்நேரத்தில் பேய் மாளிகையா?

ராஜி அத்தை: பகலில் விளையாடினால் அதற்கு என்ன மரியாதை?

கார்த்திக்: ஓரத்தில் ஸ்கிப் பட்டன் இருக்கும் பாருங்கள். கொஞ்சம் பொறுத்தால் நிரம்பிவிடும், அழுத்தினால் கதவு தானாகத் திறக்கும்.

ராஜி அத்தை: ஸ்கிப் போடுவதற்கா காசு கொடுத்து வாங்கினேன்? பொருள் தேடும்போது கண் அசந்தால் ஹிண்ட் கேட்பேன், அது வேறு. புதிரை ஸ்கிப் செய்ய மாட்டேன்.

பெரியப்பா: அது ஹனோய் கோபுரம். 1883-இல் எதுவார் லூகா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் வெளியிட்டது. மூன்று வளையத்துக்கு 7 நகர்வு, நான்குக்கு 15, ஐந்துக்கு 31. அதற்குக் குறைந்து முடியாது.

கார்த்திக்: பெரியப்பா இன்னும் தூங்கவில்லையா!

பெரியப்பா: உங்கள் மெசேஜ் சத்தத்தில் எப்படித் தூங்குவது? ராஜி, வளையங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் முதல் சின்ன வளையத்தை நேராகக் கடைசிக் கம்பிக்குப் போடு. இரட்டைப்படை என்றால் நடுக்கம்பிக்கு. அப்புறம் ஒரு முறை சின்ன வளையத்தை நகர்த்து, அடுத்த முறை அதைத் தொடாமல் வேறு எது நகர முடியுமோ அதை நகர்த்து. சின்ன வளையம் எப்போதும் ஒரே திசையில் சுற்ற வேண்டும், உனக்குக் கடைசி, நடு, முதல், மறுபடி கடைசி என்று.

ராஜி அத்தை: இருங்கள் அண்ணா.

ராஜி அத்தை: திறந்துவிட்டது! உள்ளே ஒரு தொட்டில் தானாக ஆடுகிறது.

சுபா: போதும் அத்தை. நான் போனை அணைக்கிறேன். நல்லிரவு.

(மறுநாள் காலை)

சுபா: ஆதி என் போனை எடுத்து எல்லாவற்றையும் படித்துவிட்டான். இப்போது ராஜி பாட்டி வீட்டுக்கு, அதாவது உங்கள் வீட்டுக்கு, வந்து அதை விளையாட வேண்டுமாம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது சரிவருமா அத்தை? ராத்திரி பயந்து எழுந்தால் நான்தான் உட்கார வேண்டும்.

ராஜி அத்தை: நேற்று நான் விளையாடியது வேண்டாம், அதில் ரத்தம் கொஞ்சம் அதிகம். ரேவன்ஹர்ஸ்ட்டில் ஆரம்பிக்கலாம். 2006-இல் வந்த பழைய விளையாட்டு, அமெரிக்காவில் சியாட்டிலில் இருக்கும் பிக் ஃபிஷ் கேம்ஸ் வெளியிட்டது. மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ் என்று ஒரு வரிசை, 2005-இல் ஹன்ட்ஸ்வில் என்று தொடங்கியது. அதன் மூன்றாவது இது.

சுபா: கதை என்ன?

ராஜி அத்தை: இங்கிலாந்தில் ஒரு பாழடைந்த மாளிகை. எம்மா என்ற பெண்ணின் கிழிந்துபோன நாட்குறிப்புப் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். சார்லஸ் என்று ஒருவன் அவளை விரும்பினான், அவள் மறுத்தாள். அதற்கப்புறம் அவளுக்கு என்ன ஆனது என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். பேய் பாய்ந்து வந்து முகத்தில் கத்தாது. பியானோ சத்தம், தூசி, பழைய புகைப்படம், அவ்வளவுதான்.

பெரியப்பா: மறுத்த பெண்ணை விடாத ஒருவனின் கதை. பேயைவிட அவன்தான் பயம்.

ராஜி அத்தை: அதைத்தான் நானும் நினைப்பேன் அண்ணா. 2008-இல் இதன் தொடர்ச்சி வந்தது, ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட். எம்மாவோடு முடியவில்லை, ரோஸ் என்று ஒரு அம்மாவும் அவளுடைய இரட்டைப் பெண்களும் அங்கே அடைபட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் அறைக்குள் போகும்போது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதை ஆதிக்கு இப்போது காட்ட மாட்டேன்.

கார்த்திக்: பழைய கேம் போரடிக்கும் அத்தை. போனிலேயே இலவசமாக எத்தனையோ இருக்கிறது. சுபா அக்கா கூட ஜூன்ஸ் ஜர்னி விளையாடுகிறாள்.

சுபா: ஆமாம், 1920-களின் உடை, வீடு, கார் எல்லாம் அழகாக இருக்கும். துப்பறிவதைவிட நான் அந்த ஓவியங்களுக்காகத்தான் திறக்கிறேன்.

ராஜி அத்தை: விளையாடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போனில் இலவசமாக இறக்கிய ஒன்றில் எனக்கு என்ன நடந்தது தெரியுமா? அதே சமையலறைப் படத்தை மறுபடி மறுபடி காட்டி, அதே கரண்டியைத் தேடச் சொன்னது. நடுவில், விளையாட அது அளந்து தரும் எனர்ஜி தீர்ந்தது, காத்திரு அல்லது காசு கொடு என்றது. கொலைகாரன் யாரென்று தெரிய நான் ஏன் கரண்டி தேட வேண்டும்?

கார்த்திக்: உங்கள் மாளிகையிலும் கரண்டிதானே தேடுகிறீர்கள்!

ராஜி அத்தை: அங்கேதான் வித்தியாசம். ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட் தொடங்கி வந்த நல்ல விளையாட்டுகளில், குப்பைபோல் குவிந்த படத்தில் பட்டியலில் இருப்பதை எல்லாம் எடுத்து முடித்தால், அதில் ஒன்று மட்டும் நம் பைக்கு வரும். ஒரு எண்ணெய்க் குப்பி என்று வைத்துக்கொள். அதை வைத்து வேறொரு அறையில் துருப்பிடித்த கீலுக்கு எண்ணெய் விட வேண்டும். அந்தப் பெட்டி திறந்தால் ஒரு கடிதம். கடிதத்தில் அடுத்த அறைக்கான எண். தேடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பொங்கலுக்கு முன் பரண் ஒழிக்கும்போது பழைய தகரப் பெட்டிக்குள் யாரோ எழுதிய கடிதம் கிடைக்குமே, அந்த மாதிரி.

பெரியப்பா: கண்ட இடத்தில் எல்லாம் அழுத்திக்கொண்டே போனால் எல்லாம் கிடைத்துவிடாதா?

ராஜி அத்தை: விட மாட்டார்கள். சும்மா படபடவென்று அழுத்தினால் சுட்டி கொஞ்ச நேரம் தள்ளாடும், எதையும் எடுக்க முடியாது. பட்டியலில் சில பெயர்கள் வேறு நிறத்தில் இருக்கும். அவை வெளியே தெரியாது, ஒரு மூடியைத் திறக்க வேண்டும், திரையை விலக்க வேண்டும், இரண்டைச் சேர்க்க வேண்டும்.

ஆதி (அம்மா போனில்): பாட்டி நேரக் கணக்கு இருக்குமா? எனக்கு டைமர் பிடிக்காது.

ராஜி அத்தை: முதல் ரேவன்ஹர்ஸ்ட்டில் இருக்கும் கண்ணா. நாம் சேர்ந்து பார்த்தால் நேரம் போதும். நீ இடது பாதி, நான் வலது பாதி.

ஆதி (அம்மா போனில்): பெரிய தாத்தா வருவாரா?

பெரியப்பா: நான் எதற்கு? எனக்கு அந்த இருட்டுப் படத்தில் ஒன்றும் தெரியாது.

கார்த்திக்: விளக்குப் பட்டன் புதிர் வரும் பெரியப்பா. ஒன்றை அழுத்தினால் பக்கத்தில் இருப்பதெல்லாம் சேர்ந்து மாறும். எல்லாம் எரிய வேண்டும். நான் அதில்தான் ஒவ்வொரு முறையும் ஸ்கிப் போடுவேன்.

பெரியப்பா: அதில் என்ன கஷ்டம்? ஒரே பட்டனை இரண்டு முறை அழுத்தினால் பழைய நிலைக்கே வந்துவிடும். அதனால் எந்தப் பட்டனையும் ஒரு முறைக்கு மேல் அழுத்தவே வேண்டாம். எந்த வரிசையில் அழுத்துகிறோம் என்பதும் முக்கியமில்லை. எவற்றை அழுத்துவது என்பது மட்டும்தான் கேள்வி. பென்சில் பேப்பர் இருந்தால் போதும்.

சுபா: பெரியப்பா வருகிறார்.

பெரியப்பா: நான் வருகிறேன் என்று எப்போது சொன்னேன்? நகர்த்தும் கட்டப் புதிரும் இருக்குமா, 15 எண், ஒரு காலி இடம்?

ராஜி அத்தை: எண்ணுக்குப் பதில் கிழிந்த ஓவியம் இருக்கும்.

பெரியப்பா: அதில் கட்டங்களைத் தாறுமாறாகப் பிய்த்து மாட்டினால் பாதி அமைப்புகளைத் தீர்க்கவே முடியாது தெரியுமா? 14-ஐயும் 15-ஐயும் மட்டும் இடம் மாற்றி வைத்துவிட்டால் ஆயுள் முழுக்க நகர்த்தினாலும் சரியாகாது. விளையாட்டு செய்தவர்கள் சரியான படத்திலிருந்து பின்னோக்கி நகர்த்திக் கலைத்திருந்தால் பிரச்சினை இல்லை. அதைப் பார்க்க வேண்டும்.

கார்த்திக்: அத்தை, இதைப் பிடித்திருந்தால் அப்புறம் ஆர்ட்டிஃபெக்ஸ் முண்டி என்று ஒரு போலந்து நிறுவனம் இருக்கிறது, அவர்களுடைய எனிக்மாடிஸ் போட்டுப் பாருங்கள். காணாமல் போன பெண்ணைத் தேடும் கதை. கிடைத்த தடயங்களை ஒரு பலகையில் குத்தி, எதற்கும் எதற்கும் தொடர்பு என்று நாமே சேர்க்க வேண்டும்.

ராஜி அத்தை: அந்தப் பலகை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெரும்பாலானவற்றில் நாம் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலைக்காரர்தான், துப்பறிவதெல்லாம் கதையே செய்துவிடும். இதில்தான் கொஞ்சம் யோசிக்க விடுகிறார்கள்.

சுபா: சரி, காசு விஷயம். இந்த மாதிரி விளையாட்டுகள் சிலவற்றுக்குச் சாதாரணம், கலெக்டர்ஸ் எடிஷன் என்று இரண்டு விலை போட்டிருக்கிறதே, எது வாங்க?

ராஜி அத்தை: சாதாரணமே போதும். மற்றதில் கூடுதலாக ஒரு அத்தியாயம், வழிகாட்டி, வால்பேப்பர் தருவார்கள். வழிகாட்டி உள்ளே இருந்தால் கார்த்திக் மாதிரி ஆட்கள் அதைப் பார்த்தே முடித்துவிடுவார்கள்.

கார்த்திக்: குழுவில் வைத்து மானத்தை வாங்காதீர்கள் அத்தை.

ராஜி அத்தை: சுபா, சனிக்கிழமை நாலு மணிக்கு ஆதியை அனுப்பு. ஆறு மணிக்குமேல் விளையாட மாட்டோம், பயப்படாதே. லேப்டாப்பை டிவியில் மாட்டிவிடுகிறேன். என் மவுஸில் இடது பட்டன் தகராறு, உங்கள் வீட்டு மவுஸைக் கொடுத்துவிடு.

பெரியப்பா: கட்டம் போட்ட நோட்டு ஒன்றும் வாங்கி வரச் சொல்.