மூலையில் வந்து விழும் "வைரஸ்" எச்சரிக்கை: ஸ்கேனில் சிக்காதது ஏன்?

திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் வைரஸ்" என்று வந்துகொண்டே இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது பிரவுசரின் நோட்டிஃபிகேஷன் பட்டியலை. ஏதோ ஒரு தளம் "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அல்லோவை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும், வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். அந்த அனுமதியை வைத்துத்தான் அந்தத் தளம் இந்த எச்சரிக்கைகளை அனுப்புகிறது. கோப்பு எதுவும் இறங்காததால் ஸ்கேனில் ஒன்றும் சிக்காது. அதில் பயந்துபோய் எச்சரிக்கை காட்டும் ஆன்டிவைரஸையே காசு கொடுத்து வாங்குகிறார்கள். அனுப்புகிறவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களில் தெரியாத பெயரை ரிமூவ் செய்யாமல் பிளாக் செய்யுங்கள். ரிமூவ் செய்தால் அதே தளம் திரும்பவும் அனுமதி கேட்கும். ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனிப் பட்டியல் உண்டு. எட்ஜையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

பதில்:
சைரன் ஒலியும் தொலைபேசி எண்ணுமாக முழுத்திரையை அடைத்துக்கொள்ளும் பக்கம் வேறு வகை. எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசருக்கு எண்ட் டாஸ்க் கொடுங்கள். மறுபடி திறக்கும்போது ரீஸ்டோர் கேட்டால் வேண்டாம், அதே பக்கம் வந்து நிற்கும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. அந்த எண்ணை அழைத்து எனிடெஸ்க் மாதிரி தொலைவிலிருந்து கணினியை இயக்கவிடும் எதையாவது நிறுவியிருந்தால் உடனே இணையத்தைத் துண்டித்து அதை நீக்குங்கள். இந்தியாவில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

பதில்:
பிளாக் செய்தும் நிற்கவில்லையா? பிரவுசரில் சேர்த்த எக்ஸ்டென்ஷன்களை (கூடுதல் நிரல்களை) பாருங்கள். நீக்கும் பட்டனே வேலை செய்யாமல், வீட்டுக் கணினியின் குரோம் மெனுவில் "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று இருந்தால், பாலிசி வழியாக, அதாவது நிறுவனங்கள் பிரவுசரைக் கட்டுப்படுத்த வைக்கும் விதிகள் வழியாக, எதையோ திணித்திருக்கலாம். சில நல்ல ஆன்டிவைரஸ்களும் பாலிசி வைக்கும், அதனால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள். பாலிசி பக்கத்தில் (முகவரிப் பட்டையில் chrome://policy) எக்ஸ்டென்ஷன்களைக் கட்டாயமாக நிறுவும் வரி இருந்தால், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், குரோம் என்ற இடத்தில் அதை நீக்க வேண்டும். லோக்கல் மெஷின், கரன்ட் யூசர் இரண்டிலும் தேடுங்கள். அதற்கு முன் குரோமை கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் சிங்க்கை நிறுத்துங்கள், இல்லையென்றால் நீக்கிய எக்ஸ்டென்ஷன் திரும்பி வரும். கடைசியாக, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன்: கணினி ரீஸ்டார்ட் ஆகி சுமார் 15 நிமிடம் ஓடும். திறந்திருக்கும் வேலையை முதலில் சேமித்துவிடுங்கள்.

பதில்:
இவை எல்லாவற்றையும் விட மோசமானது, 2024 முதல் பரவிய போலி கேப்ட்சா ("நான் ரோபோ இல்லை" சோதனை). விண்டோஸ் விசையோடு ஆர் (ரன் பெட்டி திறக்கும்), பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று சொல்லித் தரும். கிளிப்போர்டில் அந்தப் பக்கமே வைத்த பவர்ஷெல் கட்டளையை (விண்டோஸை நேரடியாக இயக்கும் கட்டளையை) உங்கள் கையாலேயே ஓடவைக்கும் வழி அது. எந்த உண்மையான கேப்ட்சாவும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. என்டர் தட்டிவிட்டால் சேமித்த பாஸ்வேர்டுகளோடு லாகின் குக்கிகளும் (பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விடும் பதிவுகள்) போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு மாற்றினால் மட்டும் போதாது, எல்லாக் கருவிகளிலும் சைன் அவுட் கொடுக்க வேண்டும். இரண்டையும் வேறொரு கணினியிலோ போனிலோ செய்யுங்கள்.