பாம்பின் அறிவியல் பெயரில் குழப்பம்: நாளைக் காலைக்குள் பதில் தேவை

கன்னங்குறிச்சி_தமிழாசிரியை
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி வாசலில் வைக்கவிருக்கும் பலகையின் மெய்ப்பு இன்று மாலைதான் கைக்கு வந்தது. நாளைக் காலை பத்து மணிக்குள் அச்சகத்துக்குத் திருத்தம் சொல்லியாக வேண்டும். பழைய சுவர்ப்படத்தில் மியூகோசஸ் என்றும், புதிய கையேட்டில் மியூகோசா என்றும் போட்டிருக்கிறார்கள். நூலகத்தில் கிடைத்த பழம்பதிப்பு ஒன்றில் முன்பெயரே வேறாக இருக்கிறது. எது சரி என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

சூரமங்கலம்_மாணவன்
வணக்கம் அம்மா. எந்தப் பாம்பு என்று நீங்கள் குறிப்பிடவில்லையே? அந்தப் பழம்பதிப்பில் இருக்கும் முன்பெயர் என்ன?

அடிவாரம்_பாம்புமீட்பு
சாரைப்பாம்பாகத்தான் இருக்க வேண்டும். பலகையில் படம் உண்டா டீச்சர்? பெயரைவிட அது முக்கியம். சாரை என்று எழுதி நல்லபாம்பின் படத்தைப் போட்ட பலகையை நானே பார்த்திருக்கிறேன். படத்தில் மேலுதட்டுச் செதில்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் மை தீட்டியதைப் போலக் கறுப்புக் கோடுகள் இறங்குகின்றனவா, உடலின் பின்பாதியிலும் வாலிலும் செதில்களுக்குக் கறுப்பு விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் சாரைதான்.

நாகலூர்_தோட்டம்
இதில் குழப்பத்துக்கே இடமில்லை. ஸ் என்று முடிவது ஆண் பாம்பு, ஆ என்று முடிவது பெண் பாம்பு. எங்கள் காப்பித் தோட்டத்தில் கருஞ்சாரையும் உண்டு, மஞ்சள் சாரையும் உண்டு. கருஞ்சாரைக்கு முதல் பெயரையும் மஞ்சள் சாரைக்கு இரண்டாம் பெயரையும் போட்டுவிடுங்கள்.

அஸ்தம்பட்டி_விலங்கியல்
கேள்வியை முழுமையாகக் கேட்கும் பழக்கம் ஆசிரியர்களிடமே குறைந்துவருவது வருத்தமளிக்கிறது. இதே கேள்விக்கு இங்கே முன்பே விளக்கமாக எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்திருந்தால் இந்த அவசரம் நேர்ந்திருக்காது. இருந்தாலும் சொல்கிறேன். சிற்றினப்பெயர் என்பது தனித்தனிப் பாம்புக்கு வைப்பதல்ல. ஆணுக்கும் பெண்ணுக்கும் குட்டிக்கும் அதுவே பெயர். சாரையின் பெயர் டயாஸ் மியூகோசா. இதில் முதற்சொல் பேரினப்பெயர், அடுத்த சொல் சிற்றினப்பெயர். பால் பார்ப்பது பாம்புக்கு அல்ல, பேரினப்பெயர் என்ற சொல்லுக்கு.

கன்னங்குறிச்சி_தமிழாசிரியை
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். சாரைப்பாம்புதான். பழம்பதிப்பில் சாமெனிஸ் மியூகோசஸ் என்று இருக்கிறது. சொல்லுக்குப் பால் என்றால் என்ன ஐயா? அச்சகத்தாரிடம் காரணம் சொல்ல வேண்டுமே.

சூரமங்கலம்_மாணவன்
நான் படித்த அளவில் சொல்கிறேன் அம்மா. 1758-இல் லின்னேயஸ் இந்தப் பாம்பைக் கொலுபர் என்னும் பேரினத்தில் வைத்து, கொலுபர் மியூகோசஸ் என்று பெயரிட்டார். இலத்தீனில் கொலுபர் ஆண்பால் சொல் என்பதால், அதைத் தழுவி வந்த பெயரடையும் ஆண்பால் ஈறு பெற்றது. தமிழாசிரியையான உங்களுக்கு, அவன் நல்லன், அவள் நல்லள் என்று எழுவாயின் பாலுக்கேற்ப ஈறு மாறுவதைச் சொன்னால் போதும். 1843-இல் பிட்சிங்கர் டயாஸ் என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். ஆனால் 1890-இல் வெளிவந்த பூலஞ்சேயின் நூல் சாமெனிஸ் மியூகோசஸ் என்றே எழுதியது. உங்கள் பழம்பதிப்பு அந்த வழியில் வந்ததாக இருக்கும். 1943-இல் மால்கம் ஸ்மித் டயாஸ் என்பதை எடுத்துக்கொண்டாலும் மியூகோசஸ் என்ற ஈற்றை மாற்றவில்லை. டயாஸ் என்பது கிரேக்கத்தில் பெண்பால் சொல் என்பதை 2004-இல் பாட்ரிக் டேவிட், இந்திரனில் தாஸ் ஆகிய இருவரும் எடுத்துக்காட்டிய பிறகே மியூகோசா என்பது நிலைபெற்றது. ஆகவே உங்கள் சுவர்ப்படமும் கையேடும் ஒரே பாம்பைத்தான் சொல்கின்றன.

இந்தப் பெயரின் பொருள் எனக்கு நெடுநாள் மனக்குறை. டயாஸ் என்றால் உமிழ்வது. மியூகோசா என்றால் சளிபோல் வழவழப்பானது. நஞ்சே இல்லாத, தொட்டால் உலர்ந்திருக்கும் பாம்புக்கு இந்த இரண்டும் பொருந்தவில்லை. ஆனாலும் பொருள் பொருந்தவில்லை என்பதற்காகப் பெயரை மாற்ற விதிகள் இடம் தருவதில்லை.

அஸ்தம்பட்டி_விலங்கியல்
தம்பி சொன்னது சரி, ஆனால் முழுமையில்லை. எல்லாப் பெயரும் இப்படி ஈறு மாறும் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. ஏற்காட்டின் பெயரைத் தாங்கி 2000-இல் விவரிக்கப்பட்ட பல்லியான நிமாஸ்பிஸ் ஏர்காடென்சிஸ் என்பதில் உள்ள என்சிஸ் ஈறு ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது. இன்னொன்று: பெயரிட்டவரையும் ஆண்டையும் காட்ட அறிவியல் பெயருக்குப் பின் எழுதும் லின்னேயஸ், 1758 என்பது அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டும். அவர் வைத்த பேரினத்திலிருந்து பாம்பு வேறு பேரினத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். நீங்கள் போட்டிருக்க மாட்டீர்கள்.

நாகலூர்_தோட்டம்
பெயர் எப்படியோ இருக்கட்டும் ஐயா. சாரை ஆண், நல்லபாம்பு பெண் என்று எங்கள் அப்பா காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். காப்பி உலர்த்தும் களத்தின் ஓரம் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு அரையாள் உயரம் எழும்பியதை என் கண்ணாலேயே பார்த்தேன். அது இணைசேர்வது இல்லை என்றால் வேறு என்ன?

அடிவாரம்_பாம்புமீட்பு
நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை அண்ணா. ஆனால் அவை இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண். உடலைக் கயிறாக முறுக்கிக்கொண்டு, ஒன்றின் தலையை மற்றொன்று தரையில் அழுத்தப் பார்க்கும் பலப்பரீட்சை அது. கடித்துக்கொள்வதில்லை, தோற்றது விலகிப் போய்விடும். சாரையும் நல்லபாம்பும் வெவ்வேறு குடும்பம், அவை இணைசேர்வதில்லை.

நாகலூர்_தோட்டம்
இரண்டும் ஒரே நிறமாக இல்லை தம்பி. ஒன்று நல்ல கறுப்பு, மற்றொன்று வெளிர் மஞ்சள்.

அடிவாரம்_பாம்புமீட்பு
சாரையில் மஞ்சள், பழுப்பு, சாம்பல், கறுப்பு என எல்லா நிறமும் வரும். நிறத்தை வைத்துத்தான் நாம் கருஞ்சாரை என்றும் மஞ்சள் சாரை என்றும் பிரித்துச் சொல்கிறோம். இரண்டும் ஒரே சிற்றினம். ஆகவே டீச்சர், பலகையில் இரண்டு பெயரையும் எழுதுங்கள், ஆனால் இரண்டு பாம்பாக எழுதாதீர்கள். கறுப்பாக இருப்பதால் நல்லபாம்பு என்று எண்ணி அடித்துக் கொன்ற சாரைகளை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கிறேன். வயலிலும் தோட்டத்திலும் எலியைத் தின்று நமக்கு உதவும் உயிர் அது.

அஸ்தம்பட்டி_விலங்கியல்
ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்து எலிப்பாம்பு என்று எழுதிவிடாதீர்கள். சாரை என்ற நல்ல தமிழ்ப்பெயர் இருக்கும்போது அது தேவையற்றது.

கன்னங்குறிச்சி_தமிழாசிரியை
மெய்ப்பில் எலிப்பாம்பு என்றுதான் இருந்தது, அடித்துவிட்டேன். சாரைப்பாம்பு, அதன் கீழே கருஞ்சாரை, மஞ்சள் சாரை, அதற்கும் கீழே டயாஸ் மியூகோசா, அடைப்புக்குறிக்குள் லின்னேயஸ், 1758 என்று அனுப்பிவிட்டேன். படத்தில் உதட்டுக் கோடுகள் தெரிகின்றன. வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. அனைவருக்கும் நன்றி.