பழந்தமிழ்ப் பாட்டில் வாணவேடிக்கை உண்டா?

குன்னூர்வாசி:
எங்கள் வாசகர் வட்டத்தில் ‘விழாவும் ஒளியும்’ பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். தீபாவளியன்று இங்கே விடும் ராக்கெட் சில்வர் ஓக் மர உச்சியைத் தாண்டியதும் மஞ்சுக்குள் மறைந்துவிடும். அது பூவாய் விரிவது தெரியாது, மஞ்சு முழுவதும் ஒரு கணம் பச்சையாகி வெளுக்கும், ஓசை மட்டும் எதிர்மலையில் மோதித் திரும்பும். இத்தகைய காட்சி பழைய பாட்டில் உண்டா? தேடினால் விளக்குதான் கிடைக்கிறது. இசையில் இருந்தாலும் சொல்லுங்கள்.

கோத்தகிரி தமிழாசிரியை:
வணக்கம் ஐயா. வெடிமருந்து நம் நாட்டுக்கு வந்தது சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். மத்தாப்பு என்ற சொல்லே நிலவொளியைக் குறிக்கும் ‘மஹ்தாப்’ என்ற பாரசீகச் சொல்லின் வழி வந்தது. ஆனாலும் விளக்கைத் தள்ளிவிடாதீர்கள். அகநானூற்றின் 141ஆம் பாட்டில், மழை ஓய்ந்த வானில் முழுமதி கார்த்திகை மீனைச் சேரும் இரவில், மூதூரின் தெருக்களில் விளக்கேற்றி மாலை தொங்கவிடுகிறார்கள். கார் நாற்பதோ விளக்கைப் பூவுக்கு உவமையாக்கி, ‘நலமிகு கார்த்திகை நாட்டவர் இட்ட தலைநாள் விளக்கின் தகையுடைய ஆகிப் புலமெலாம் பூத்தன தோன்றி’ என்கிறது. தோன்றி என்பது செங்காந்தள். அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக, நெளிந்து மேல்நோக்கி எரிவதுபோல் நிற்கும் அதன் இதழ்களை மலையடிவாரப் புதரில் பார்த்தவருக்கு உரையே வேண்டியதில்லை. நானாக இருந்தால் அந்தப் பூவிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன்.

கொடைக்கானல் பியானோ ஆசிரியர்:
ஹாண்டல் 1749இல் லண்டன் கிரீன் பார்க்கில் நடந்த வாணவேடிக்கைக்கென்றே இசை அமைத்தார். அன்று மேடையின் ஒரு பகுதியே தீப்பற்றிக்கொண்டது. அது அரசவைக் கம்பீரம், உங்கள் மஞ்சுக்குப் பொருந்தாது. பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸி 1913இல் வெளியிட்ட பியானோ முன்னிசைத் (பிரெலூட்) தொகுதியின் கடைசி உருப்படியைக் கேளுங்கள். வாணத்தின் பெயரையே தாங்கிய அதில் பொறிகள் சிதறி அடங்கிய பின், பிரெஞ்சு நாட்டுப் பண்ணின் சில சுரங்கள் எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் ஒலிக்கும்.

திருவண்ணாமலைக்காரர் (இப்போது உதகை):
மாவலியை யாரும் சொல்லவில்லையே! ஆண்பனையின் பூங்கதிரை மூட்டம் போட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் இறுகச் சுருட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு இடையே வைத்துக் கட்டுவோம். கார்த்திகை இரவில் அதில் கங்கு வைத்து, கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றினால் பொன்வட்டமாகப் பொறி கொட்டும். சட்டையில் ஓட்டை விழுந்து அம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக் கதை. ‘மாவலியோ மாவலி’ என்ற கூவலே அதற்குப் பாட்டும் தாளமும். வெடிமருந்து ஒரு சிட்டிகைகூடக் கிடையாது.

குன்னூர்வாசி:
மிக்க நன்றி. ஆசிரியை அம்மா சொன்னபடி தோன்றியில் தொடங்கி, அண்ணன் சொன்ன மாவலிக்கு வருகிறேன். மலையில் பனை இல்லாததால், கரிக்கு மேட்டுப்பாளையத்து அத்தையிடம் சொல்லிவிட்டேன்.