டாப்ஸ்பின் 2கே25 வாங்கலாமா, இல்லை விட்டுவிடலாமா?

நாலாம்செட்:
வணக்கம் மக்களே. பிஎஸ்5 வாங்கி ஆறு மாதம் ஆகிறது, கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடி அலுத்துவிட்டது. நானும் தம்பியும் டென்னிஸ் பைத்தியங்கள், காலேஜில் படிக்கும்போது நண்பன் ரூமில் பிஎஸ்3-ல் டாப் ஸ்பின் 4 என்கிற டென்னிஸ் கேமை விடிய விடிய ஆடியிருக்கிறேன். இப்போது அதே வரிசையில் அடுத்து வந்த டாப்ஸ்பின் 2கே25-ஐத் தள்ளுபடியில் எடுக்கலாமா என்று யோசனை. ஒருத்தர் 'இதுமாதிரி டென்னிஸ் கேமே கிடையாது' என்கிறார், இன்னொருத்தர் காசு பிடுங்கி என்று திட்டுகிறார். ஜோகோவிச், நடால் ரெண்டு பேருமே இல்லையாமே? எங்கள் வீட்டு நெட் சாயங்காலம் ஆனால் படுத்துவிடும், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பேஸ்லைன்வாசி:
டாப் ஸ்பின் 4 ஆடியவர் என்றால் உங்கள் கைக்கு இது பழகிய வீடு மாதிரி இருக்கும். 2011-ல் வந்தது நாலு, அதற்கு 13 வருஷம் கழித்து 2024 ஏப்ரலில்தான் இது வந்தது. செய்தது ஹேங்கர் 13, மாஃபியா கேம் செய்பவர்கள். அவர்களுக்கும் டென்னிஸுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் தோன்றியது, அப்புறம் பார்த்தால் நாலைச் செய்த 2கே செக் ஸ்டுடியோதான் பின்னால் இவர்களோடு சேர்ந்திருக்கிறது. அடிப்படை மாறவில்லை. பட்டனைத் தட்டினால் கன்ட்ரோல் ஷாட், அழுத்திப் பிடித்து சரியான நேரத்தில் விட்டால் பவர் ஷாட். நேரம் தப்பினால் பந்து வலையில், அல்லது கோட்டுக்கு வெளியே. எதிராளி அடித்ததும் முதலில் ஓடிப்போய்ச் சரியான இடத்தில் நிற்க வேண்டும், பட்டன் அதற்கு அப்புறம்தான்.

நேற்று ரோலாண்ட் காரோஸ் களிமண் தரையில் மெத்வதேவை எடுத்து ஆடினேன். எதிரில் அல்கராஸ். அவன் என் பேக்ஹேண்டுக்கே டாப்ஸ்பின்னாக, அதாவது பந்தை முன்பக்கம் சுழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான், பந்து தோளுயரத்துக்கு எழும்பி வருகிறது, நான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முந்தித் தட்டிவிடுகிறேன், என் ரிட்டர்ன் கோர்ட் நடுவில் குட்டையாக விழுகிறது, அவன் உள்ளே வந்து முடித்துவிடுகிறான். ரெண்டு அடி பின்னால் போய் நின்ற பிறகுதான் மூச்சு வந்தது. ஆனால் அப்படிப் பின்னால் நின்று ஓடி ஓடி ரெண்டாம் செட்டில் எனர்ஜி தீர்ந்தது, முதல் செட்டில் கோட்டில் விழுந்த அதே ஷாட் இப்போது ஒரு சாண் வெளியே. திட்டிக்கொண்டே தோற்றேன், உடனே இன்னொரு மேட்ச் போட்டேன். புல் தரைக்குப் போனால் இந்தக் கணக்கெல்லாம் மாறும், பந்து எழும்பாமல் சறுக்கும், பந்தைக் கீழ்ப்பக்கம் சீவி அடிக்கிற ஒரு நல்ல ஸ்லைஸ் போதும். நாலு கிராண்ட் ஸ்லாம் மைதானமும் இருக்கிறது, அது டென்னிஸ் கேம்களில் அபூர்வம்.

டியூஸ்டியூஸ்:
மேலே அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை, கோர்ட்டுக்குள் நன்றாகத்தான் இருக்கிறது. கோர்ட்டைவிட்டு வெளியே வந்தால்தான் வயிறு எரியும். வெளியானபோது ஆட்டக்காரர்கள் சுமார் 25 பேர்தான். ஆமாம், ஜோகோவிச்சும் இல்லை, நடாலும் இல்லை. ஃபெடரர், செரீனா, சாம்ப்ராஸ், அகாஸி, கிராஃப் என்று பழைய பெரிய கைகளை வைத்துச் சமாளித்தார்கள். ஆனால் ஃபெடரரை வைத்துக்கொண்டு நடாலோடு விம்பிள்டன் ஃபைனல் ஆட முடியாத டென்னிஸ் கேம் என்ன கேம் சொல்லுங்கள். கமென்டரி கிடையாது. மெக்கன்ரோ குரல் பயிற்சிப் பகுதியில் வரும், மேட்சுக்குள் அம்பயரும் கூட்டமும் மட்டும்தான்.

உங்களுக்கு முக்கியமான விஷயம் இதுதான்: மைகரியர், அதாவது சொந்தமாக ஒரு ஆளை உருவாக்கி வளர்க்கிற பகுதி, அதை ஆட நெட் கண்டிப்பாக வேண்டும். தனியாக கம்ப்யூட்டரோடு ஆடுகிற கரியருக்கு எதற்கு நெட்? ஏனென்றால் உங்கள் ஆளுக்கு வாங்குகிற உடை, பூஸ்ட் எல்லாம் விசி என்கிற கேமுக்குள் செல்லும் அவர்களுடைய காசில் ஓடுகிறது. ஆடியும் சம்பாதிக்கலாம், மெதுவாக. அதுபோக சென்டர் கோர்ட் பாஸ் என்று, பரிசுகளைத் திறக்கிற சீட்டு மாதிரி, சீசனுக்கு சீசன் ஒன்று விட்டார்கள். முழு விலை கொடுத்து வாங்கின கேமில் உண்டியல் எதற்கு? கரியரும் மாதா மாதம் ஒரு பயிற்சி, ஒரு சின்ன போட்டி, ஒரு டோர்னமென்ட் என்று ஒரே சுற்று. இடையில் ஓய்வு கொடுக்காமல் ஓட்டினால் ஆளுக்குக் காயம், அந்த ஒரு யோசனை பிடித்திருந்தது. என் நெட்டும் உங்களுடையது மாதிரிதான், ஒரு செமிஃபைனலில் 5-4-ல் போனது, அதிலிருந்து சாயங்காலம் கரியர் பக்கமே போவதில்லை.

குட்டிலாப்:
யாரும் சொல்லாத ஒன்று. டிவியில் கேம் மோட் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். சரியான நேரத்தில் பட்டனை விட்டால் திரையில் பச்சை காட்டும், நான் ஒரு வாரம் அந்தப் பச்சையே விழாமல், எனக்கு வயதாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும், 60 பிரேம் கேமில் ஒரு பிரேம் என்பது 16 மில்லிசெகண்டுதான், அது நாலைந்து பிரேம் தள்ளிப்போனால் நீங்கள் பார்க்கிற பந்து ஏற்கெனவே தாண்டிப் போன பந்து. மோடை மாற்றின அன்றைக்கே பாதி ஷாட் பச்சை. ஆன்லைனிலும் இதே கதைதான், பிங், அதாவது நெட்டில் தகவல் போய்வர ஆகிற நேரம், ஏறினால் உங்கள் திறமைக்கு வேலையில்லை. நெட் படுத்துவிடும் என்கிறீர்கள், அப்போது மற்றவர்களோடு ஆன்லைனில் மோதுகிற வேர்ல்ட் டூர் பக்கம் போகாதீர்கள், கோபம்தான் மிஞ்சும்.

வலைக்குஅருகில்:
ஜோகோவிச் வேண்டும் என்றால் டைபிரேக் என்கிற இன்னொரு கேம் இருக்கிறது, பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ் செய்தது, ஆண்கள், பெண்கள் டென்னிஸ் அமைப்புகளான ஏடிபி, டபிள்யூடிஏ ரெண்டின் அதிகாரப்பூர்வ கேம், நூறு பேருக்கு மேல் ஆட்டக்காரர்கள். பெயர்ப் பட்டியல் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். ஆடிப் பார்த்தால் ராக்கெட்டில் பந்து பட்ட உணர்வே எனக்கு வரவில்லை, ஆட்கள் ஐஸ் மேல் ஓடுகிற மாதிரி. இது என் கைக்குத் தோன்றியது, சிலருக்குப் பிடித்திருக்கிறது.

நாலாம்செட்:
எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் காட்டினேன், 'நடால் இல்லையா, அப்படியென்றால் எனக்கு வேண்டாம்' என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், அவனைச் சமாளிக்க வேண்டும். ஒரு சந்தேகம், ஒரே வீட்டில் ரெண்டு பேர் சேர்ந்து ஆட நெட் வேண்டுமா?

டியூஸ்டியூஸ்:
வேண்டாம். எக்சிபிஷனில், அதாவது கரியரில் சேராத தனி மேட்சில், ரெண்டு கன்ட்ரோலர் வைத்து ஆடலாம், டபிள்ஸும் இருக்கிறது. காலையில் நெட் இருக்கும்போது கரியர், ராத்திரி தம்பியோடு எக்சிபிஷன். முழு விலைக்கு மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

பேஸ்லைன்வாசி:
தம்பியிடம் அல்கராஸைக் கொடுத்து களிமண்ணில் இறக்கிவிடுங்கள். பத்து நிமிஷம் போதும், நடாலைக் கேட்க மாட்டான்.