எக்ஸ்கவேட்டர் ட்ராக் மோட்டார்ல (செயின ஓட்டற ஹைட்ராலிக் மோட்டார்) சீல் மாத்தியும் திரும்ப ஆயில் ஒழுகுது, என்ன காரணம்?

ஏரிக்கரை: 20 டன் எக்ஸ்கவேட்டர், ஏரி தூர் வாரற வேலைல ஓடுது. இடது பக்கம் ஸ்ப்ராக்கெட் (செயின இழுக்கற பல் சக்கரம்) பின்னாடி ஆயில் கசிஞ்சு மண்ணோட அப்பிப் போயிருந்துச்சு, மெக்கானிக்க வரவச்சு ஃப்ளோட்டிங் சீல் (ரெண்டு இரும்பு ரிங், ரெண்டு ரப்பர் ரிங் சேந்த ஆயில் சீல்) புதுசு போட்டோம், ஒரு மாசம்கூட தாங்கல அதே இடத்துல ஒழுகுது. பாட்டம் ரோலர்லயும் (செயின் மேல உருள்ற அடி உருளை) ரெண்டு ஈரமா இருக்கு. சீல் டூப்ளிகேட்டா இருக்குமோண்ணே?

பழைய மெக்கானிக்: டூப்ளிகேட்னு உடனே முடிவு பண்ணாதீங்க தம்பி. வண்டி நல்லா ஆறினப்புறம் ஃபைனல் டிரைவ் (மோட்டார ஒட்டின கியர் பெட்டி) லெவல் பிளக்க, அதான் ஆயில் அளவு பாக்கற மூடிய, மெதுவா லூஸ் பண்ணுங்க, முகத்த நேரா வைக்காதீங்க. ஆயில் பீச்சுச்சுன்னா, இல்ல லெவலுக்கு மேல ஏறி மெல்லிசா இருந்துச்சுன்னா, ஹைட்ராலிக் ஆயில் உள்ள இறங்குது. மோட்டாருக்கும் கியர் பெட்டிக்கும் நடுவுல இருக்கற மோட்டார் ஷாஃப்ட் சீல் போயிருக்கும், இல்லாட்டி கேஸ் டிரெய்ன் லைன் (மோட்டார்குள்ள கசியற ஆயில டேங்குக்கு திருப்பற குழாய்) அடைச்சு ப்ரஷர் ஏறி அந்த சீல தள்ளியிருக்கும். அப்படின்னா ஃப்ளோட்டிங் சீல் எத்தன தடவ மாத்தினாலும் நிக்காது.

ஸ்பேனர்_18: கழட்டின பழைய சீல் இருக்கா ப்ரோ? இரும்பு ரிங்ல பளபளன்னு ஒரு பட்டை தெரியும். வெளி விளிம்ப ஒட்டி மெல்லிசா, சுத்தி ஒரே அளவா இருந்தா ஓகே, உள் விளிம்பு வரைக்கும் வந்துட்டா ஆயுசு முடிஞ்சுது, ஒரு பக்கம் அகலம் ஒரு பக்கம் குறுகல்னா கோணலா உக்காந்திருக்கு. நம்ம ஆளுங்க சுலபமா இறங்கட்டும்னு ரப்பர் ரிங்குலயும் கிரீஸ தடவி அமுக்கிடுவாங்க, பாதி லீக் அங்கதான் ஆரம்பம். ரப்பர் காய்ஞ்சு இருக்கணும், அது பிடிச்சாதான் இரும்பு ரிங் வழுக்காது. ரெண்டு இரும்பு முகமும் உரசற இடத்துல மட்டும் லேசா ஆயில் போதும். பழைய ரிங் ஒண்ணு புது ரிங் ஒண்ணுன்னு கலக்கவே கூடாது.

சேத்துவண்டி: ரோலருக்கு நான் சொல்றேன். சாயங்காலம் சேற வழிக்காம நிறுத்திட்டுப் போனா ராத்திரில இறுகி காலைல ரோலர் சுத்தாது, செயின் அது மேலயே தேய்ச்சுட்டுப் போகும், இறுகின மண்ணு சீல் பக்கமும் புகுந்துடும். ரோலர்குள்ள இருக்கறதே கொஞ்சூண்டு ஆயில், அது போச்சுன்னா புஷ் (உள்ள இருக்கற பேரிங் வளையம்) தேய்ஞ்சு ஆடும், ஆடற ரோலர்ல எந்த சீலும் நிக்காது, ரோலரையே மாத்திடுங்க. சேத்துல செயின ரொம்ப டைட் வைக்காதீங்க, ட்ரெய்லர் வாடகைய மிச்சம் புடிக்கறேன்னு தூரமா நடத்தியே ஓட்டாதீங்க, சூட்டுல ரப்பர் செத்துடும்.

ஏரிக்கரை: பிளக் கழட்டினோம், பீச்சிடுச்சு. ஆயிலும் மெல்லிசாதான் இருக்கு.

பழைய மெக்கானிக்: அப்போ மோட்டார இறக்கியாகணும். கேஸ் டிரெய்ன் ஓஸ் மடங்கியிருக்கா, உள்ள பித்தளைத் தூள் வருதான்னு பாருங்க, ஷாஃப்ட் பேரிங் ஆட்டத்தையும் பாத்துட்டு அப்புறமா சீல் வாங்குங்க.