சாம்பல் நிறமாகிவிட்ட தேக்குத் தூண்களை மீட்பது எப்படி?

கேள்வி (காட்பாடி):
வணக்கம். எங்கள் பழைய வீட்டின் திண்ணையில் நிற்கும் தேக்குத் தூண்கள் பல ஆண்டுகளாக வேலூர் வெயிலில் காய்ந்து சாம்பல் பூத்துவிட்டன. பழைய வார்னிஷ் செதில் செதிலாக உரிகிறது. ஆணி அடித்த இடங்களைச் சுற்றிக் கருங்கறை இறங்கியிருக்கிறது. மெஷின் வைத்து இழைத்துவிட்டு மறுபடியும் வார்னிஷ் அடிக்கலாம் என்கிறார் பெயின்டர். எனக்கு மனம் ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (குடியாத்தம், மரவேலை செய்பவர்):
ஐயா, தயவுசெய்து மெஷின் வைக்க விடாதீர்கள். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்க, மழை அதைக் கழுவிக்கொண்டு போவதால் வருகிற நிறம் இது, மேல்தோலோடு நின்றுவிடும். ஓரிடத்தில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள், உள்ளே பொன்னிறம் தெரியும். வைரம் பாய்ந்த கட்டையை வீணாக இழைத்துத் தள்ளினால், கடைசல் வேலைப்பாடும் அதோடு போய்விடும்.

உரியும் வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் கொண்டு ரேகை ஓடும் திசையிலேயே கழுவுங்கள். வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சும் கருவி ரேகைகளுக்கு இடையிலுள்ள மென்பகுதியை அரித்துவிடும். கருங்கறை, ஆணியின் இரும்பும் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து உண்டானது என்பதால் தேய்த்தால் போகாது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் சுமார் 50 கிராம் ஆக்ஸாலிக் அமிலத்தைப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துத் தடவி, கறை வெளுத்ததும் நன்றாக அலசிவிடுங்கள். அது நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் அவசியம், குழந்தைகளை அருகில் விடக் கூடாது. நன்கு உலர்ந்த பின் 80, பிறகு 120 நம்பர் உப்புத்தாள் போதும். முடிந்தால் இரும்பு ஆணிகளைப் பிடுங்கிவிட்டுப் பித்தளைத் திருகாணி போடுங்கள். இல்லையேல் கறை திரும்ப வரும்.

பதில் (ஆரணி):
வார்னிஷ் வேண்டாம் என்பதே என் கருத்தும். மரம் ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் சுருங்கும்போது மேலே உள்ள படலம் வெடித்து, அதன் அடியில் தண்ணீர் தங்கும். ஆளிவிதை எண்ணெயில் டர்பன்டைன் கலந்து மெல்லியதாகப் பூசி, மரம் குடித்தது போக மீதியைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதால் ஒவ்வொன்றாக விரித்து உலர்த்துங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எந்த மாதத்தில் தொடங்கலாம்?

பதில் (குடியாத்தம்):
மாசி, பங்குனியில் தொடங்கினால் மழைக்கு முன் முடித்துவிடலாம். சுடுவெயிலில் பூசினால் எண்ணெய் உள்ளே இறங்குவதற்குள் பிசுபிசுத்துவிடும். ஆகவே தூணில் நிழல் விழும் நேரம் பார்த்துப் பூசுங்கள்.