மறு: சல்பிய்யாவுக்குத் தமிழ் – ‘எதிர்மறைப் பண்பு’ வேண்டாம்

அன்பின் குழுமத்தாருக்கு, ஸலாமும் வணக்கமும்.

இறைவனின் இருபது பண்புகளில் ‘சல்பிய்யா’ எனப்படும் ஐந்துக்குத் தமிழில் என்ன தலைப்பு வைப்பது என்ற இந்த இழை, போன வாரம் ‘எதிர்மறைப் பண்புகள்’ என்ற சொல்லோடு சுபமாக முடிந்தது. நானும் ‘வழிமொழிகிறேன்’ என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். காரணம் பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி.

ஞாயிறு காலைகளில் ஜார்ஜ்டவுனில், லெபோ குயின் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பதினொரு பிள்ளைகள். எல்லாரும் சமய வகுப்பில் ‘சிஃபாத் துவா புலோ’வை, அதாவது இறைவனின் இருபது பண்புகளை, மலாயில் பாட்டாகவே பாடிப் பழகியவர்கள். வுஜூத், கிதம், பகா என்று எடுத்துக் கொடுத்தால் போதும், இருபதும் மூச்சு விடாமல் வரும். பொருள் கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். சரி, நம் குழுமத்துச் சரக்கை இறக்கிப் பார்ப்போம் என்று பலகையில் ‘அல்லாஹ்வின் எதிர்மறைப் பண்புகள்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். கோடு முடிவதற்குள் கை உயர்ந்துவிட்டது.

“டீச்சர், அல்லாஹ்வுக்குக் கெட்ட குணம்கூட இருக்கா?”

எதிர்மறை எண்ணம், எதிர்மறை விமர்சனம் என்று நாளிதழில் படிக்கிற பிள்ளை அது. அவளைக் குறை சொல்ல முடியாது. ‘வாரான்’ எதிர்மறை வினைமுற்று என்று இலக்கண வகுப்பில் சொன்னால் யாரும் திடுக்கிடுவதில்லை. ‘பண்பு’ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் எதிர்மறைக்கு ஒரு கசப்பு ஏறிவிடுகிறது. அவசரமாக அழித்தேன். மை சரியாகப் போகாமல் ‘எதிர்’ மட்டும் வகுப்பு முடியும்வரை மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

இழைக்குப் புதியவர்களுக்காக இரண்டு வரி. இறைவனின் பெயர்கள் வேறு, பண்புகள் வேறு. ‘அல்லாஹ்வுக்குத் தொண்ணூற்றொன்பது பெயர்கள், நூற்றில் ஒன்று குறைய’ என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் என்ற இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. ரஹ்மான், ரஹீம் என்று நாம் ஓதுகிற வரிசைப்பட்டியல் திர்மிதியின் தொகுப்பில் வருவது. பண்புகளை இருபதாக வகுத்துக் கொடுத்தவர் திலிம்சானைச் சேர்ந்த இமாம் சனூசி, 1490இல் மறைந்தவர். வட ஆப்பிரிக்காவில் எழுதிய கணக்கு பினாங்குப் பிள்ளைகள் வாயில் பாட்டாக ஒலிக்கிறது. இருபதும் நான்கு கூறு: நஃப்ஸிய்யா ஒன்று (வுஜூத், அதாவது இருத்தல்), சல்பிய்யா ஐந்து, மஆனி ஏழு, மஃனவிய்யா ஏழு. நம் சிக்கல் அந்த ஐந்தில்.

சல்பு என்றால் பறித்தல், களைதல், நீக்குதல். கிதம் என்பது அவனிடம் இருக்கிற ஏதோ ஒன்றின் பெயர் அல்ல. ‘தொடக்கம்’ என்பதை அவனைப் பற்றிய நம் நினைப்பிலிருந்து எடுத்துவிடு என்பதுதான். ஐந்துக்கும் என் வகுப்பில் எழுதியவை இவை: கிதம் – தொடக்கமின்மை. பகா – முடிவின்மை. முகாலஃபத்து லில் ஹவாதிஸ் – ஒப்பின்மை. கியாமுஹு பி நஃப்ஸிஹி – சார்பின்மை. வஹ்தானிய்யா – இணையின்மை.

கிதத்துக்கு ‘அநாதி’ போதாதா என்று சென்ற மாதமே ஒருவர் கேட்டிருந்தார். பழைய சொல்தான், நம் முன்னோர் பாடல்களில் புழங்கியதுதான். ஆனால் பிள்ளைகள் காதில் அது ‘அனாதை’ என்று விழுகிறது. ‘தொன்மை’யும் ஆகாது. மலை தொன்மையானது, கடல் தொன்மையானது. எல்லாவற்றுக்கும் ஒரு தொடக்கம் உண்டு. நான்காவதுக்குத் ‘தேவையின்மை’ என்று சிலர் எழுதுகிறார்கள். அஸ்ஸமது என்ற இறைப்பெயருக்குத் ‘தேவையற்றவன்’ என்று எழுதி, படிக்கிறவர் ‘வேண்டாதவன்’ என்று எடுத்துக்கொள்ளும் விபத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில மொழிபெயர்ப்புகள் ‘தேவைகளற்றவன்’ என்று எழுதுகின்றன. ஒரு ‘கள்’ மானத்தைக் காப்பாற்றுகிறது. ‘சார்பின்மை’ அந்த வம்பில்லாத சொல். நிற்க ஓர் இடமோ, ஆக்கிவைக்க ஓர் ஆளோ அவனுக்கு வேண்டியதில்லை என்று கலாம் என்னும் இறையியல் நூல்கள் விரிக்கும் பொருளும் அதில் அடங்குகிறது.

மூன்றாவதுக்கு என்னிடம் ஆசை மிகுதி. ‘தனக்குவமை இல்லாதான்’ என்று குறள் சொல்லி வைத்திருக்கிறதே! ‘அவனைப் போல் எதுவும் இல்லை’ என்ற இறைவசனத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தையல்கூடத் தெரியாது. ‘உவமையின்மை’ என்றும் வைக்கலாம். ‘ஒப்பின்மை’ வாய்க்கு எளிது என்று விட்டேன்.

ஐந்தும் ‘இன்மை’யில் முடிகின்றன. ஆகவே வகைக்கே ‘இன்மைப் பண்புகள்’ என்று பெயர் வைக்க முன்மொழிகிறேன். வெட்டுங்கள், குத்துங்கள்.

*

கோலாலம்பூரிலிருந்து:

தங்கச்சிக்கு ஸலாம். வெட்டத்தான் வந்திருக்கிறேன். அல்லாஹ்வின் பெயர்கள் தவ்கீஃபி. குர்ஆனும் ஹதீஸும் சொன்னதோடு நிற்க வேண்டும், நாமாகக் கூட்டக்கூடாது. நீங்களோ வாரம் ஒரு பெயர் வைக்கிறீர்கள். சல்பிய்யா என்றே சொல்லிக் கொடுத்தால் என்ன குடி முழுகிப் போகும்? மலாய்க்காரர்கள் சிஃபாத்தை சிஃபாத் என்றேதானே வைத்திருக்கிறார்கள்? மஸ்ஜித் இந்தியா பக்கம் எங்கள் பெரியவர்கள் ‘சிபத்து’ என்றுதான் சொன்னார்கள். ஈமான் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

*

நானா, ஸலாம். பெயர் வைத்தல் வேறு, விளக்கிச் சொல்லல் வேறு. இந்த வேறுபாட்டை இமாம் கஸ்ஸாலியே காட்டியிருக்கிறார்: பெயரிட அனுமதி வேண்டும், உண்மையான விளக்கத்துக்கு வேண்டாம். ‘யா ஒப்பின்மையே’ என்று துஆ கேட்கச் சொல்லி நான் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. சல்பிய்யா என்பதும் இறைவன் தனக்கு இட்ட பெயரல்ல. மாணவர்களுக்காக அறிஞர்கள் போட்ட தலைப்பு. தலைப்பை மாற்றினால் யாருக்கும் ஒன்றும் குறையாது.

அப்புறம், நம் பெரியவர்கள் ‘ஸலாத்’ என்று சொல்லாமல் தொழுகை என்றார்கள். ‘ஸவ்ம்’ என்று சொல்லாமல் நோன்பு என்றார்கள். மஸ்ஜிதைப் பள்ளிவாசல் ஆக்கினார்கள். சக்காத்தையும் ஹஜ்ஜையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். எது தமிழில் வரும், எது வராது என்று கை வைத்துப் பார்த்தே முடிவு செய்திருக்கிறார்கள். நான் கேட்பதும் கை வைத்துப் பார்க்கிற உரிமையைத்தான். சிஃபாத் மலாயில் அன்றாடச் சொல். ஆளின் குணத்துக்கும் அதுதான், பொருளின் தன்மைக்கும் அதுதான். அந்தப் பிள்ளைக்கு அது புரிகிறது. சல்பிய்யா மலாயிலும் புரியவில்லை, தமிழிலும் புரியவில்லை.

*

பட்டர்வொர்த்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, வணக்கம். நான் இசுலாம் அறிந்தவன் அல்லன். இலக்கணம் கொஞ்சம் அறிவேன். அந்த அளவில் நின்று இரண்டு செய்தி.

முதலாவது தடை. ‘இன்மை’க்கு வறுமை என்றும் பொருள். ‘இன்மையின் இன்னாதது யாதெனின் இன்மையின் இன்மையே இன்னாதது’ என்று நல்குரவு அதிகாரம் தொடங்குகிறது. ‘இறைவனின் இன்மைப் பண்பு’ என்றால் குறள் படித்தவன் காதில் ‘ஏழைமைக் குணம்’ என்று விழும். அதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. பழைய உரைகளில் உண்மை என்றால் உளதாதல். இன்மை என்றால் இலதாதல். நீங்கள் முதற்பண்பாகச் சொல்லும் வுஜூதுக்கு ‘உண்மை’ என்பதைவிட நல்ல சொல் தமிழில் இல்லை. அதை வைத்துவிட்டு அடுத்த வரியிலேயே ‘இன்மை’ என்று தலைப்பிட்டால், உளன் என்றவர்களே இலன் என்பதுபோல் ஆகும். ‘தொடக்கமின்மை’யில் இன்மை தொடக்கத்தைத்தான் தொடுகிறது, தனியே நின்றால் இறைவனையே தொட்டுவிடும்.

இரண்டாவது, நீங்கள் கேட்காதது. மஆனி, மஃனவிய்யா என்று இரண்டு ஏழுகள் இருப்பதாக எழுதினீர்கள். ஒன்று ஆற்றல், மற்றது ஆற்றலுடையனாயிருத்தல் என்று புரிந்துகொண்டேன். சரியென்றால் வள்ளுவரிடம் அச்சு தயாராக இருக்கிறது: அன்பு – அன்புடைமை, அறிவு – அறிவுடைமை, அருள் – அருளுடைமை. மஆனிக்கு வெறும் பண்புப்பெயர், மஃனவிய்யாவுக்கு ‘உடைமை’.

*

ஐயா, உங்கள் மடலை ரயில் நிலையப் படகுத்துறையில் நின்றபடி படித்தேன். படகைத் தவறவிட்டேன். பரவாயில்லை.

‘உடைமை’ பார்த்ததும் முதலில் துள்ளினேன், பிறகு பயந்தேன். உடைமை என்றால் உடையவன் ஒருவன், உடைமைப்பொருள் ஒன்று என இரண்டாகிறதே? கலாமில் பெரிய சண்டையே இதில்தான். பண்புகள் அவனுக்கு வேறானவை என்றால் தொடக்கமில்லாதவை பலவாகிவிடும் என்று முஃதசிலா என்ற இறையியல் பிரிவினர் பண்புகளைத் தனியே ஏற்க மறுத்தார்கள். அஷ்அரிகள் என்ற மற்றொரு பிரிவினர், ‘அவனும் அல்ல, அவனுக்கு வேறும் அல்ல’ என்று நடுவே ஒரு கயிறு கட்டி நடந்தார்கள். அந்தக் கயிற்றின்மேல் ‘உடைமை’ என்ற மூட்டையை ஏற்றலாமா?

இரவு முழுக்க யோசித்துவிட்டு அதிகாலையில் பழைய நன்னூல் உரையைப் புரட்டினேன். விடை ஆறாம் வேற்றுமையில் இருந்தது. சாத்தனது வீடு பிறிதின்கிழமை, விற்றுவிடலாம். சாத்தனது கருமை தற்கிழமை. அதைச் சாத்தனிடமிருந்து பிரித்து எங்கே வைப்பது? நன்னூலார் தற்கிழமையை எண்ணும்போது பண்பைத்தான் முதலில் வைக்கிறார். கருமை சாத்தனும் அல்ல, சாத்தனை விட்டு வேறாக நிற்பதும் அல்ல. அஷ்அரிகள் கட்டிய கயிறு நம் வீட்டுக் கொல்லையிலும் கிடந்திருக்கிறது! சாத்தனின் கருமை வெயிலில் கூடும், நோயில் குறையும், இறைப்பண்பு அப்படியல்ல. உவமை அங்கே நின்றுவிடும், தெரியும். ஆனால் ‘உடைமை’ என்றாலே பிறிதின்கிழமை என்று யாராவது பாய்ந்தால் கையில் விடை இருக்கிறது. ஆகவே குத்ரத் – ஆற்றல், கவ்னுஹு காதிரன் – ஆற்றலுடைமை. இல்ம் – அறிவு, கவ்னுஹு ஆலிமன் – அறிவுடைமை. இரண்டாவது ஏழைத் தனியாக எண்ண வேண்டியதில்லை, பதின்மூன்றே போதும் என்ற கட்சியும் அறிஞர்களிடம் உண்டு. அவர்களுக்கும் இது வசதி. விகுதியை உதிர்த்துவிட்டால் கணக்கு தானே சரியாகும்.

இன்மை பற்றிய உங்கள் தடையை அப்படியே ஏற்கிறேன். அது உறுப்புகளில் இருக்கட்டும், தலைப்பில் வேண்டாம். தலைப்புக்கு சல்பின் நேர்ப்பொருளுக்கே போகிறேன்: நீக்கல். நீக்கற்பண்புகள். இறைவன் இன்னபடி இருக்கிறான் என்று சொல்லாமல், நாம் என்ன செய்கிறோம் என்று சொல்கிற தலைப்பு இது. குறையை நாம்தான் நம் எண்ணத்தில் ஒட்டவைத்தோம், நாம்தான் நீக்குகிறோம். வறுமையும் இல்லை, கெட்ட குணமும் இல்லை.

*

நீக்கற்பண்பு என்றதும் கோலாலம்பூர் நானா தனி மடலில், ‘கைப்பேசியில் நீக்கு என்றால் அழித்துவிடுவது, தெரியுமா?’ என்று சிரிப்புக் குறி போட்டு அனுப்பினார். தெரியும் நானா. அதையே இந்த ஞாயிறு வகுப்பில் பயன்படுத்திக்கொண்டேன். பலகையில் ‘தொடக்கம், முடிவு, ஒப்பு, சார்பு, இணை’ என்று ஐந்தையும் எழுதி, ஒவ்வொன்றாகப் பிள்ளைகளையே வந்து அழிக்கச் சொன்னேன். சென்ற வாரம் கை தூக்கியவள் ‘ஒப்பு’ இருந்த இடத்தை அழித்து முடித்து, துணியை உதறிவிட்டு, “இதுல அல்லாஹ்வை அழிக்கலையே டீச்சர், நாம எழுதுனதத்தானே அழிச்சோம்?” என்றாள். இழையை மூட இதைவிட நல்ல வாக்கு எனக்குக் கிடைக்காது என்பதால் ‘நீக்கற்பண்பு’க்கு ஒரு வாக்கு எண்ணிக்கொள்ளுங்கள்.

மூட இன்னும் இரண்டு பாக்கி. வஹ்தானிய்யாவுக்கு ‘இணையின்மை’யா, ‘ஒருமை’யா? ஒருமை அழகு; ஆனால் பிள்ளைகளுக்கு அது ஒருமை–பன்மை பாடம். இணையின்மையில், தாத்திலும் (அவனது உள்ளமையிலும்) சிஃபத்திலும் (பண்பிலும்) செயலிலும் இணையில்லை என்ற மூன்றையும் அடக்கலாம். நான் இணையின்மைக் கட்சி. மறுப்பவர்கள் வெள்ளிக்குள் எழுதுங்கள்.

மற்றது சம்உ. பார்வை, பேச்சு, உயிர், நாட்டம் எல்லாம் வந்துவிட்டன; கேட்கிற பண்புக்கு மட்டும் சொல் நிற்கவில்லை. வள்ளுவர் காலத்தில் ‘கேள்வி’ என்றால் கேட்டறிதல். இன்று யாராவது ‘கேள்வியுடைமை’ என்று எழுதினால், அவரை அடுத்த ஞாயிறு மாடிக்கு அழைத்து அந்தப் பத்து வயதுக்காரியின் முன் உட்கார வைத்துவிடுவேன். ‘கேட்டல்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன்; ‘கேட்டலுடைமை’ நாக்கில் இடறுகிறது. ஐயா, வேறு ஏதாவது?